நாற்பத்து நான்காம் எண்காரன் திரும்பிப் பார்த்தான்

அந்தப் பருவத்தில் எங்கள் வில்லோ ஃபோர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஏழு ஆட்டங்கள் ஆடி ஆறில் தோற்றிருந்தது. தோற்றதுகூடப் பரவாயில்லை. தோற்ற விதம்தான் ஊருக்கே வயிற்றெரிச்சல். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. கோச் கெம்ப் முதல் இரண்டிலும் பையன்களை நடுவில் ஓடவிட்டு முட்ட வைப்பார். மூன்றாவதில் ஓரத்தில் ஓடுபவனுக்குக் கையால் எறியும் ஒரு குட்டி பாஸ். நான்காவதில் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கைகட்டி நிற்பார். தானியக் கிடங்கிலும் சர்ச் வாசலிலும் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையிலும் இதே பேச்சுதான். வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கூட, கெம்பைத் திட்டுவதற்காகப் பஞ்சை எடுத்துவிட்டுப் பேசுவார்.

என் அண்ணன் வெர்லின் இதில் எல்லோருக்கும் மேலே. ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. குளிர்காலத்தில் மாவட்டச் சாலைகளில் பனி அகற்றும் லாரி ஓட்டுபவன். மைதானத்தில் முதல் வரிசையில், வேலியை ஒட்டிய இரண்டு இருக்கைகள் இருபத்திரண்டு வருடமாக எங்களுடையவை. அவன் மடியில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு வாய்ப்பிலும் என்ன செய்தார்கள், எத்தனை கஜம் கிடைத்தது என்று பென்சிலால் எழுதிக்கொண்டே இருப்பான்.

ஐந்தாவது ஆட்டத்தில் என் தொடையைத் தட்டினான்.

"ஜனெல், அந்த இடது கார்டு பையன் கையைப் பாரு."

"எந்தப் பையன்?"

"முன்வரிசைல எதிராளியத் தடுக்கக் குனிஞ்சு நிக்கறான் பாரு, குண்டா, அறுபத்தாறாம் நம்பர். ஓட்டம்னா முஷ்டியத் தரையில நல்லா ஊனுறான். பாஸ்னா விரல் நுனி மட்டும்தான் தரையில படுது. இப்ப பாரு, விரல் நுனி. பாஸ்."

பாஸ்தான்.

"பின்னாடி நிக்கறவன் எந்தக் காலை முன்ன வைக்கிறானோ, அந்தப் பக்கம்தான் பந்து போகும். வலது கால். வலப்பக்கம்."

வலப்பக்கம்தான் போனது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆறாவது ஆட்டத்திலிருந்து அவன் அதைச் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தான். பனி லாரியின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. தன் அணி கையில் பந்து இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கள் ஊர் வழக்கம். பையன்களுக்கு ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்க வேண்டுமே. அந்த அமைதியில் வெர்லினின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். "ஓட்டம், இடப்பக்கம்!" சொன்னபடியே நடக்கும். பின்வரிசையில் தானியக் கிடங்கு டுவேன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

"யோவ் வெர்லின், நீயே கோச்சா போயிடேன்யா. உன் லாரிய கெம்ப் கிட்ட கொடு. அவரும் நேரா மட்டும்தான் ஓட்டுவாரு!"

அக்டோபர் கடைசி சனிக்கிழமை, பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ஆட்டம். மூவாயிரம் பேர் இருந்திருப்போம். கேம்டன் ரிட்ஜ் கல்லூரி வந்திருந்தது. மதிய வெயில் இதமாக இருந்தது. டுவேனின் மனைவி சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். வெர்லின் கத்தினான், பக்கத்து வரிசைகள் கைதட்டின. அவன் சொல்லி முடித்ததும் மொத்தப் பகுதியும் "ஆமேன்" போடுவதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். நானும் போட்டேன்.

இரண்டாவது கால்பகுதியில்தான் அதைக் கவனித்தேன். எதிரணியில் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கிற நாற்பத்து நான்காம் எண்காரன், பந்து கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் எங்கள் பக்கம் தலையைத் திருப்பினான். வெர்லின் "இடப்பக்கம்" என்றால் ஒரு அடி அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டான்.

"வெர்லின், அந்த நாப்பத்தி நாலு உன்னையே பாக்கறான்."

"பாக்கட்டுமே."

"நீ சொல்றதைக் கேட்டு நகர்றான்டா. நிஜமா."

அவன் உற்றுப் பார்த்தான். அடுத்த முறை "ஓட்டம், நடு!" என்றான். நாற்பத்து நான்கு நடுவுக்கு வந்து நின்றான். எங்கள் பையனை நின்ற இடத்திலேயே சாய்த்தான். வெர்லினின் முகம் மலர்ந்துவிட்டது. அதை நான் இப்போது மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

"பாத்தியா? எதிராளிக்குக்கூட புரியுது. அந்தாளுக்குத்தான் புரியல. இன்னிக்காவது புரியட்டும்."

"போதும், நிறுத்து" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த முறையும் "ஆமேன்" போட்டேன்.

மூன்றாவது கால்பகுதி. எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிபவன், பிரெக்கன் ஹைஸ்மன். மெலிந்த உடம்பு, இருபது வயது. அவன் அம்மா பன்றி இறைச்சி ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள். எங்களுக்கு ஐந்து வரிசை மேலே உட்கார்ந்திருந்தாள். பையன்கள் குனிந்தார்கள். இடது கார்டின் விரல் நுனி மட்டும் தரையில் பட்டது.

"பாஸ்! வலப்பக்கம்!"

"ஆமேன்!"

நாற்பத்து நான்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்து கிளம்பிய அதே நொடியில் கிளம்பிவிட்டான். அவனைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. பிரெக்கன் வலப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கையை ஓங்கியிருந்தான். ஊன்றியிருந்த கால்மேல் முழு வேகத்தில் மோதினான் அந்தப் பையன்.

காய்ந்த மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். வேலி ஓரத்தில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மேலேயிருந்து ஒரு பெண் குரல் மட்டும், "என் பையன்... என் பையன்..." என்று படியில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

பிரெக்கனின் முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. வெர்லினின் நோட்டு கீழே விழுந்து கிடந்தது. குனிந்து எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து போகக் கால்மணி நேரம் ஆயிற்று. அடிபட்டவனுக்காக இரண்டு அணியினரும் ஒற்றை முழங்காலில் மண்டியிட்டிருந்தார்கள். வண்டி வெளியே போனதும், நாற்பத்து நான்கு எழுந்தான். தன் அணியிடம் போகாமல் எங்கள் வேலிக்கு வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான். மீசை சரியாக முளைக்காத முகம். அழுதிருந்தான்.

"சார்."

வெர்லின் அவனைப் பார்த்தான்.

"நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் கரெக்டா இருந்துச்சு சார். அதனாலதான் நான் யோசிக்கவே இல்ல. உங்களை நம்பி ஓடிட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவன் உங்க ஊர்ப் பையன்தானே? ஏன் சார் சொன்னீங்க?"

வெர்லின் குனிந்து, கீழே கிடந்த நோட்டை எடுத்தான். யாரோ வந்து அந்தப் பையனைத் தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். பின்னால் டுவேன், "நாம சும்மா தமாஷுக்குத்தான..." என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்தினான். எங்கள் பகுதியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் ஆட்டம் முடியும்வரை இருக்கவில்லை. எத்தனைக்கு எத்தனை தோற்றோம் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை வெர்லின் சவரம் செய்துகொண்டு, சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீயும் வா. தனியா போனா வாசலோட திரும்பிடுவேன்."

அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அறைக்கு வெளியே நாற்காலியில் கோச் கெம்ப் உட்கார்ந்திருந்தார். நேற்றைய அதே பச்சை ஜாக்கெட். வீட்டுக்கே போகவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. ஏழு வாரமாக நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டிய மனிதரை அப்போதுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். களைத்துப்போன கிழவர்.

வெர்லின் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கார்டின் கை, பின்னால் நிற்பவன் கால், நாற்பத்து நான்கு, வேலி. சொல்லிவிட்டு நோட்டை நீட்டினான். கெம்ப் பக்கங்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"இது எனக்குத் தெரியாது" என்றார். "சத்தியமா தெரியாது. எத்தனை வாரமா உங்களுக்குத் தெரியும்?"

"மூணு வாரம்."

"என் ஆபீஸ் உங்க சாலைத் துறை ஷெட்டுக்கு எதிர்லதான இருக்கு?"

"ஆமா."

"ஒரு தடவை வந்து சொல்லியிருக்கலாமே, வெர்லின்."

அவருக்கு அண்ணன் பெயர் தெரிந்திருந்தது. அது எனக்கு ஏனோ அடிபட்டது போல இருந்தது.

உள்ளே பிரெக்கன் விழித்திருந்தான். கால் கட்டுகளோடு உயரத்தில் கிடந்தது. அவன் அம்மா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். வெர்லின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நேத்து கத்தினது நான்தான்" என்றான்.

"தெரியும்" என்றான் பிரெக்கன். மருந்து மயக்கத்தில் குரல் குழறியது. "எனக்கும் கேட்டுச்சு."

"என்ன?"

"நீங்க 'பாஸ், வலப்பக்கம்'னு சொன்னது. ஆட்டம் முழுக்கக் கேட்டுச்சு. சரியாத்தான் சொல்றீங்கன்னு தெரிஞ்சுது. நாப்பத்தி நாலு வருவான்னும் தெரிஞ்சுது."

"அப்ப மாத்தி ஆடியிருக்கலாமேப்பா!"

பிரெக்கன் எங்களைத் தாண்டிக் கதவைப் பார்த்தான். அங்கே கெம்ப் நின்றிருந்தார்.

"மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. செப்டம்பர்ல கேட்டேன். களத்துல நின்னு பாத்து மாத்திக்கவான்னு. சொன்னதை மட்டும் செய், இல்லன்னா பெஞ்சுல உக்காருன்னாரு."

கெம்ப் உள்ளே வந்து கட்டிலின் மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வெர்லினும் அவரும் அந்தக் கட்டிலின் இரண்டு பக்கமும், அடி வாங்கியவர்களைப் போல நின்றார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. என் பங்குக்கு நான் போட்ட "ஆமேன்" என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே கெம்ப், பிரெக்கனுக்குப் பதிலாக வந்தவனுக்குக் களத்திலேயே ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தார். மீதி மூன்றில் ஒன்றை ஜெயித்தோம். அன்றுகூட மைதானத்தில் பெரிய ஆரவாரம் இல்லை. டிசம்பரில் யாரும் கேட்காமலே அவர் வேலையை விட்டார்.

பிரெக்கனுக்கு வாரம் ஒரு நாள் பிசியோதெரபி, நாற்பது மைல் தள்ளி. அவன் அம்மாவுக்கு ஷிஃப்டை மாற்ற முடியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் விடுப்பு எடுத்துக்கொண்டு வெர்லின் கூட்டிப்போனான். வழியில் என்ன பேசுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "சோள விலை, வானிலை. அவன் விவசாயம் படிக்கறான்ல" என்றான்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை வெர்லின் போன் செய்தான். பையன் ஊன்றுகோல் இல்லாமல் வண்டியில் ஏறினானாம். இனி ஆட முடியாது என்று டாக்டர் சொன்னதும் அன்றுதானாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் போனை வைக்கவும் இல்லை, மேற்கொண்டு பேசவும் இல்லை. நானும் அப்படியே காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.