பேர் சொன்னால் நம்பர்

நான் எதையும் தொடவில்லை. தொட்டிருந்தாலும் இவ்வளவு அழகாகக் கெடுத்திருக்க மாட்டேன்.

யுவராணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துவிடுவாள், சிரித்தால் வேலை போய்விடும். போடியில் அந்த ஏலக்காய்க் கடையின் மாடியில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னே முதலாளி ஈஸ்வரபாண்டி குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பதினொரு மணிக்கு ஆன்லைன் ஏலம். மணி பத்தே முக்கால். ஏலம் நடக்கும் இணையதளம் திறக்கவில்லை. பதிவு செய்த இந்தக் கம்ப்யூட்டரில் இருந்து மட்டும்தான் காய்க்கு விலை கேட்க முடியும்.

"நேத்துக் கடைசியா இதுல உக்காந்தது நீதானம்மா?"

"நான்தான் மொதலாளி."

"அப்பறம்?"

அப்புறம் என்ன, கீழே காய் பொறுக்கும் கூடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். ஆறு மாதத்துக்கு முன் அங்கிருந்துதான் இந்த நாற்காலிக்கு ஏறி வந்தாள்.

பெங்களூரில் இருந்து லீவுக்கு வந்திருந்த மருமகன் சுரேஷ்கண்ணனுக்கு ஒரே உற்சாகம். "விண்டோஸையே அழிச்சிட்டுப் புதுசாப் போட்ருவோம் மாமா!" பென்டிரைவ் எடுக்கக் காருக்கு ஓடினான்.

அவன் தலை மறைந்ததும் யுவராணி விரல்களை ஓட விட்டாள். நோட்டில் குறித்து வைத்திருந்த தளத்தின் ஐ.பி. நம்பரைக் கொடுத்துக் கூப்பிட்டால் பதில் வருகிறது. பேரைக் கொடுத்தால் அப்படி ஒன்றே இல்லை என்கிறது. விண்டோஸ் நினைவில் வைத்திருந்த பழைய விலாசங்களை அழித்தாள், அதே கதை. சுரேஷின் ஆப்பிள் லேப்டாப்பிலும் அதே. கடையின் கண்காணிப்புக் கேமராவை ஓட்டும் லினக்ஸ் பெட்டியிலும் அதே. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஒரே வயிற்றுவலி. அப்படியென்றால் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, குடித்த தண்ணீரில். மூன்றும் குடிப்பது ஒரே மோடத்தில்.

அவளுக்குள் என்னவோ குமிழியிட்டது. மோடத்தின் பக்கத்தைத் திறந்தாள்.

"மொதலாளி, இங்கன நாலு எட்டு இருந்துச்சே. யாரு ஏழாக்குனது?"

பின்னால் நடை நின்றது.

"பாஸ்வேர்டு மாத்த நீதான சொல்லிக் குடுத்த? காலைல சும்மா தொறந்து பாத்தேன். நாலு எட்டு! சனி வரிசையா நிக்குது. எனக்கு எட்டே ஆகாதுன்னு ஜோசியரு சொன்னாக. ஒண்ணு ஒண்ணுதானம்மா கொறச்சேன்?"

யுவராணி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"அது ராசி நம்பர் இல்ல மொதலாளி. பேரச் சொன்னா நம்பர் எடுத்துக் குடுக்குற ஆளோட விலாசம். நீங்க மாத்துன விலாசத்துல அப்பிடி யாரும் இல்ல."

"குடியில்லாத வீட்டுக் கதவையா தட்டிட்டு இருந்தோம்?"

"காலைல இருந்து."

மறுபடி நான்கு எட்டுகளை எழுதி, மோடத்தை அணைத்துப் போட்டாள். மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண் விழித்தன. பத்து ஐம்பத்தாறுக்குத் தளம் விரிந்தது. எழுந்து ஒரு சுற்று ஆடலாம் போலிருந்தது அவளுக்கு. யாரும் சொல்லித் தராமல், தானே தேடிப் பிடித்தது.

படிகளில் சுரேஷின் செருப்புச் சத்தம். ஈஸ்வரபாண்டி குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆத்தா, அவென்கிட்ட நீதான் தெரியாம மாத்திட்டேன்னு சொல்லிரு. இல்லாட்டி குடும்பம் பூரா சொல்லிச் சிரிப்பான். வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல."

சரி என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தது. வந்து, அங்கே காத்திருந்த சிரிப்பில் வழுக்கி விழுந்தது.

"நான் மாத்துனேன்னு மட்டும் சொல்ல மாட்டேன் மொதலாளி," என்றாள் மெதுவாக, ஏலத்துக்குள் நுழையும் பொத்தானை அழுத்தியபடி.