பதினோரு மணிக்கே தீர்ந்துபோன பள்ளிக்கூட நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, என் நாத்தனாரிடம் சுட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையைத் துடைக்கக்கூட விடாமல் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். "அண்ணி, கொஞ்சம் உதவி பண்ணுங்க. நாளைக்கு நாள் முழுக்க வகுப்புல என்ன பண்ணப் போறேன்னு எழுதணும்" என்றாள். நான் கதை எழுதுகிறவள். அடுத்த வரி என்னவென்றே தெரியாமல் பிழைப்பை ஓட்டுகிறவள். என்னிடம் போய்க் கேட்டாள் பாருங்கள்.

அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். தற்காலிக வேலை. மறுநாள் தலைமையாசிரியை வகுப்பின் கடைசியில் வந்து உட்கார்ந்து, காலை மணியிலிருந்து மாலை மணிவரை பார்க்கப் போகிறார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு டீச்சர். நாத்தனாருக்கு அந்த வகுப்பை விட்டுப் போக மனசே இல்லை. வாயைத் திறந்தால் "எங்க பிள்ளைங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பதால், புதிதாக வரும் விருந்தாளிகள் திடுக்கிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

2

இந்தக் கதையை முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் வகுப்பறையின் சன்னல்களை மெல்ல

(நிறுத்திவிட்டேன். "எங்க வகுப்பு சன்னல் மேற்கே பார்த்து இருக்கு அண்ணி" என்றாள்.)

சரி, இரண்டாவது ஆரம்பம்:

தடித்த கண்ணாடிக்குப் பின்னால் தலைமையாசிரியையின் குரூரமான இரண்டு

"அவங்க கண்ணாடியே போடறதில்ல. முதுகு வலியோட அந்தக் குட்டி நாற்காலியில உக்காந்திருந்தாங்க, பாவம். அவங்களை வில்லி ஆக்குனீங்கன்னா நான் கதையைத் திருப்பி வாங்கிக்குவேன்."

வில்லியும் இல்லாமல், சூரிய உதயமும் இல்லாமல் நான் எதை வைத்து எழுதுவது? கேட்டால், "அது உங்க பாடு" என்கிறாள்.

3

ஆகவே திட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். காலையில் வாசிப்பு. பிறகு கழித்தல் கணக்கு. பிறகு விதை எப்படி முளைக்கிறது. மதியத்துக்கு மேல் பாட்டு, படம் வரைவது, கடைசியில் வட்டமாக உட்கார்ந்து கதை. எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு பக்கம் வாசிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கியிருந்தாள்.

"ஒரு பக்கத்துக்கா இவ்வளவு நேரம்?"

"பக்கத்துக்கு இல்ல அண்ணி. புத்தகத்தைக் காணோம்னு ஒருத்தன் அழுவான். தேடிப் பார்த்தா அது மேலதான் உக்காந்திருப்பான். அதுக்கு."

"கழித்தலுக்கு?"

"'டீச்சர், இவன் என் ரப்பரைக் கடிச்சுட்டான்.' விசாரணை, தீர்ப்பு, அப்புறம் அப்பீல். அதுக்கு. இது போதாதுன்னு ரேடியோ வேற இருக்கா."

ரேடியோ என்பது முன்வரிசைச் சிறுமி. அவள் வீட்டுப் பூனை குட்டி போட்டால் அன்றைக்கு முதல் பாடம் அம்போ. என்ன நிறம், எத்தனை குட்டி, எந்தக் குட்டிக்கு யார் சாயல் என்று ஒன்று விடாமல் ஒலிபரப்பாகும்.

இப்படிப் பார்த்தால் அவள் திட்டத்தில் பாடம் பாதி, ரகளை பாதி. ஆனால் தலைமையாசிரியையின் கைக்குப் போகும் தாளில் ரகளை என்று எழுத முடியுமா? எல்லாவற்றையும் பாடத்துக்குள்ளேயே ஒளித்து வைத்தாள். என்னால் ஆன ஒத்தாசையை நானும் செய்தேன். தாளில் எங்கெல்லாம் 'கலந்துரையாடல்' என்று இருக்கிறதோ, அதெல்லாம் என் உபயம்.

4

மறுநாள் மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள்.

(மேலே உள்ள வாக்கியத்தை இரண்டாம் வகுப்பு டீச்சர் யாராவது படித்தால் நம்பமாட்டார். நானும் நம்பவில்லை. ஆனால் வந்தார்கள்.)

நாத்தனாருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவளோ, என் தங்கங்களே என்று உள்ளுக்குள் பூரித்துப்போனாள். வாசிப்பு தொடங்கியது. எல்லோரிடமும் புத்தகம் இருந்தது. படித்தார்கள், முடிந்தது. "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்று கலந்துரையாடலைத் தொடங்கினாள். யாருக்கும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரேடியோ உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கழித்தார்கள், விடை சரியாக இருந்தது. ரப்பர்கள் எல்லாம் முழுசாக இருந்தன. விதை முளைத்து, இலை விட்டு, கதையே முடிந்துவிட்டது. இடைவேளை மணிக்குக்கூட ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அடுத்தது என்ன என்பதுபோல் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் மதியத்துப் பாட்டை எடுத்தாள், பிறகு படத்தை, பிறகு வட்டமாக உட்கார்ந்து சொல்ல வேண்டிய கதையை.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. தாளில் மீதி இருந்தது ஒரே வரிதான்: 'மணி அடித்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புதல்.'

தலைமையாசிரியை தன் கையிலிருந்த பிரதியைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.*

* என் நிலைமையும் அதேதான். கதைக்கு நான் போட்ட திட்டம் இந்த இடத்தோடு தீர்ந்துவிட்டது. நீங்களோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

5

என்ன நடந்தது என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நாத்தனாருக்கு அப்போது தெரியாது.

காலையில் குழாயடியில் பிள்ளைகள் கை கழுவும்போது பள்ளிக்கூட ஆயா அவர்களைக் கூட்டி வைத்துப் பேசியிருக்கிறார். ஆயாவுக்கு நாத்தனார் என்றால் உயிர். "உங்க டீச்சர் இங்கேயே இருக்கணுமா வேணாமா? இருக்கணும்னா இன்னைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. இடத்தை விட்டு அசையக் கூடாது. இல்லன்னா அவங்களை அனுப்பிடுவாங்க, ஆமா." அவ்வளவுதான். நல்ல மனசோடு சொன்னதுதான். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமே கிடைக்கவில்லை என்று நான் ஏன் புலம்புகிறேன் என்று இப்போது புரிகிறதா?

6

நாத்தனார் ரகளைக்கு ஏங்க ஆரம்பித்தாள். வண்ணப் பென்சில் பெட்டியைக் கை தவறியதுபோல் தட்டிவிட்டாள். இரண்டு பேர் எழுந்திருக்காமலே குனிந்து பொறுக்கி, நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக் கொடுத்தார்கள். கடைசி ஆயுதமாக ரேடியோவிடம் போனாள்.

"பூனை எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு டீச்சர்."

அவ்வளவுதான், நிலையம் மூடிவிட்டது. அப்போதுதான் நாத்தனாருக்கு நிஜமாகவே பயம் வந்தது. தன் பிள்ளைகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பயம். பின்னால் தலைமையாசிரியை எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி. (இவளை முதலிலேயே அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும், விவரமான எழுத்தாளர்கள் அப்படித்தான் செய்வார்கள். என் திட்டத்தில் இவள் இல்லை, தானாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.) காலோடு காலைப் பின்னிக்கொண்டு, பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. கண் கலங்கியிருந்தது.

நாத்தனாருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பக்கத்தில் போய் மண்டியிட்டு, "ஒன்னுக்கு வருதா கண்ணு? போயிட்டு வா" என்றாள்.

தலையை ஆட்டினாள். இல்லை.

"பரவாயில்ல, போ. டீச்சர் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

இன்னும் வேகமாக ஆட்டினாள். ஒருமுறை பின்னால் திரும்பித் தலைமையாசிரியையைப் பார்த்தாள். பிறகு ரகசியமாகக் கேட்டாள். வகுப்பில் இருந்த அமைதிக்கு அது எல்லோருக்கும் கேட்டது.

"நான் எந்திரிச்சா உங்களை அனுப்பிடுவாங்களா டீச்சர்?"

7

இங்கே ஒரு முடிவு வைக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே கையெழுத்துப் போடுகிறார். இது என் வீட்டுக்காரர் சொன்னது. தங்கை விஷயத்தில் அவருக்கு எல்லாமே சுபமாக முடிய வேண்டும்.

முடிவு இரண்டு: "கேள்வியே கேட்காத வகுப்பு ஒரு வகுப்பா?" என்று தலைமையாசிரியை எழுந்து போகிறார். நாத்தனார் வெளியே நடக்க, பிள்ளைகள் பின்னாலேயே

(இது என்னுடையது. இதை எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்துவிட்டேன்.)

நிஜத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதையே எழுதிவிடட்டுமா என்று நாத்தனாரிடம் கேட்டேன். எதையும் கேலி பண்ணுகிறவள், அன்றைக்குக் கேலி பண்ணவில்லை.

"அது வேணாம் அண்ணி. வேலை கிடைச்சுதா போச்சாங்கறது அப்புறம் வந்தது. அந்த நேரத்துல எனக்கு அது தெரியாதே. 'அனுப்ப மாட்டாங்க'ன்னு சொன்னா அது பொய்யா போயிடலாம். நான் அவகிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. 'தெரியல'ன்னு சொன்னா அவ எந்திரிக்கவே மாட்டா. அவளையே பார்த்துட்டு மண்டி போட்டு நின்னேன். அதோட நிறுத்துங்க."

நிறுத்துகிறேன். ஆனால் ஒருவர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. இவ்வளவு நேரம் கடைசி வரிசையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்த நீங்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். அவள் உயரத்துக்கு மண்டியிடுங்கள். வகுப்பே உங்களைப் பார்க்கிறது. தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார், அவருக்கும் உங்கள் பதில் கேட்க வேண்டும்.

நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்ல ஆசைதான். அவளால் அவ்வளவு நேரம் தாங்க முடியாது.