புசானிக்கு ஓர் இருக்கை

என் மகன் புசானியைக் கொன்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரனிடம் சொல்வதற்காக ஒரே ஒரு வாக்கியத்தைப் பதினொரு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். உன்னை நான் மன்னிக்க மாட்டேன். வேறெதையும் என்னால் அவனுக்குச் செய்ய முடியாது. வெள்ளையர் ஆட்சி போன பிறகு புதிய அரசு வைத்த ஆணையத்தின் முன், கொன்றவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் தண்டனை கிடையாது.

அவன் ஒப்புக்கொண்டான். சுட்டது, எரித்தது, சாம்பலைத் துகேலா ஆற்றில் தள்ளியது. நடுநடுவே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டான்.

என் பக்கத்தில் ஒடெஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். அலபாமாக்காரி, எங்களைப் போலவே கறுப்பினத்தவள், சர்ச் மூலமாக வந்து என் வீட்டில் தங்கியிருந்தாள். பஸ்ஸில் வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்ததற்காக அவள் அண்ணனை அடித்தே கொன்றார்கள்.

"எங்க ஊர்ல பொய் சொல்லிட்டு வீட்டுக்குப் போனானுங்க, சிஸ்டர். உங்க ஊர்ல உண்மையச் சொல்லிட்டுப் போறானுங்க."

"உங்களுக்குக் கோர்ட்டாவது இருந்துச்சே" என்றேன்.

"இருந்துச்சு. பஸ்ல எங்க வேணா உக்காரலாம்னு சீட்டக் குடுத்துச்சு. அண்ணனப் பத்திக் கேட்டா வாயத் தொறக்கல."

மறுநாள் போலீஸ்காரன் சுட்ட இடத்தைக் காட்ட ஆற்றங்கரைக்கு வந்தான். நான் இலந்தைக் கிளையோடு போனேன். எங்கள் வழக்கப்படி, செத்தவன் விழுந்த இடத்தில் கிளையால் தொட்டுக் கூப்பிட்டால் அவன் அதில் ஏறிக்கொள்வான். வீடு சேரும்வரை கிளையைச் சுமப்பவள் அவனைத் தவிர யாரிடமும் பேசக் கூடாது. பேசினால் அவன் வழியிலேயே தங்கிவிடுவான்.

முதலில் என் வாக்கியம், பிறகுதான் கிளை என்று நினைத்திருந்தேன். ஆனால் போலீஸ்காரன் கைகாட்டிய இடத்தில் வெறும் புல். மாடு மேயும் சாதாரணப் புல். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. குனிந்து தொட்டு, "புசானி, வாப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பாவி என் கையைப் பிடித்தான்.

"அம்மா, என்ன மன்னிச்சிருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் மகன் போய்விடுவான். அந்தப் பாவி என் தோளில் சாய்ந்து அழுதான். சுற்றிலும் பேப்பர்காரர்கள் படம் பிடித்தார்கள்.

வேனில் கைஜாடை காட்டியே புசானிக்குத் தனி டிக்கெட் எடுத்து, கிளையை ஜன்னலோர இருக்கையில் வைத்தேன். அவ்வளவு நெரிசலிலும் ஒருவரும் அதில் உட்காரவில்லை. ஒடெஸ்ஸா அந்த இருக்கையையே பார்த்து அழுதுகொண்டு வந்தாள்.

"பாலம் வருதுப்பா, தாண்டுறோம்" என்றேன் மகனிடம். "அவன நான் மன்னிக்கலப்பா."

வீடு சேர்ந்த மறுநாள் காலையில் பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: மௌனத்தால் மன்னித்த தாய். உடனே பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டு, நான் மன்னிக்கவில்லை என்றேன்.

"நாடே படிச்சிட்டு அழுதுச்சும்மா" என்றார் ஆசிரியர். "அத ஏன் இப்பக் கெடுக்கணும்? பேசணும்னா அங்கயே பேசியிருக்கலாமே."

ஒடெஸ்ஸா பேப்பரை மடித்து வைத்தாள். "எங்கம்மா கோர்ட்டுல பயத்துல பேசாம நின்னாங்க. மியூசியத்துல அவங்க படத்துக்குக் கீழயும் இதேதான் எழுதியிருக்கு."

பேப்பர்காரர்கள் படத்தில் ஒரு பிரதியை அந்தப் போலீஸ்காரனுக்கும் அனுப்பினார்களாம். நான் கொடுக்காததைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான்.