அவன் பங்குக் களி

காலை பத்து நாற்பது. பெரியம்மாள் ஏறி நின்ற மெஷின் பலகை அதிரத் தொடங்கியது, முப்பது வினாடி அதிரும், ஒரு நிமிடம் நிற்கும், இப்படிப் பத்து முறை, முழங்காலை லேசாக மடக்கியே வைக்க வேண்டும் என்று பிசியோதெரபி பெண் கோகிலவாணி சொல்லியிருக்கிறாள், பெரியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மடக்கினாள், பாதத்தில் ஏறிய நடுக்கம் கெண்டைக்காலைக் கடந்து தொடைக்கு வந்தது, தொடை தனியாக ஆடியது, வயிறு தனியாக... யாருடைய உடம்பு இது? இரண்டு வருடம் முன்னால் அறுபத்திரண்டு கிலோ, இப்போது தொண்ணூற்றெட்டு, முட்டி தேய்ந்துவிட்டது, பன்னிரண்டு கிலோ குறையாமல் ஆபரேஷன் கிடையாது என்று பென்னாகரத்து டாக்டர் சொல்லிவிட்டார், இப்படியே விட்டால் நடையே நின்றுவிடும் என்றும். "மெசினு பாவம் தாயி, அதுக்கு மூச்சு வாங்குது," பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டைக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த மாரியப்பன் சிரித்தார். "தாத்தா, வாய மூடிக்கிட்டுப் படுங்க, இல்லன்னா அடுத்து உங்களத்தான் ஏத்துவேன்," என்றாள் கோகிலவாணி. பெரியம்மாளும் சிரித்தாள், சிரிப்பும் சேர்ந்து ஆடியது.

பலகை நின்றது, கோகிலவாணி பக்கத்தில் வந்தாள். "மொதல்லயே சொல்லிட்டேனுங்கக்கா, இது எடையக் கொறைக்காது. ஆட்டுக்கறியில வெள்ளையா ஓடுமில்ல, அந்த மாதிரி உங்க சதைக்குள்ள கொழுப்பு பூந்துக்கிச்சு. சதை வேலையவே மறந்துட்டுது. பலகை ஆடுனா அதுவா இறுகும், அதுவா விடும், பலம் வரும். எடைக்கு வாயத்தான் கட்டணும்." வாயை... தனக்கென்று அவள் ஒரு கவளம் கூடுதலாகத் தின்றதில்லை, சொன்னால் யார் நம்புவார்கள். பாப்பாரப்பட்டி ரோட்டு வளைவில் மகன் வீரமணி டிப்பர் லாரியில் மோதிச் செத்தான், இருபத்திரண்டு வயது, பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, இனி அவனுக்கென்று தினம் சோறு எடுத்து வைக்க வேண்டாம் என்றார்கள், மறுநாளும் அவன் பங்கு இரண்டு உருண்டை களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் மாடியில் வைத்தாள், காக்கை வந்தது, பார்த்தது, தொடாமல் பறந்துவிட்டது, மத்தியானம் வரை காத்திருந்தாள், எறும்பு ஏறியது, எங்கே கொட்டுவது? நாய்க்கா? அவன் களியையா? எறும்பைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து தின்றாள். அடுத்த நாளும். பிறகு மாடிக்கு எடுத்துப்போவதே இல்லை, அவன் தட்டை எடுத்துக் கழுவி, பரிமாறி, கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு... புருஷன் மாது முதலில் திட்டினான், பிறகு அழுதான், "அவன் திங்கறான்னா நெனச்சுக்கற? நீதான்டி திங்கற" என்றான் ஒருநாள், இப்போது அந்தத் தட்டு வந்ததும் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுகிறான்.

மறுபடி அதிர்ந்தது. இரண்டு உருண்டையை நிறுத்தினால் போதும், எடை தானாக இறங்கும், அவ்வளவுதான், ஆனால் இறங்குவது எது? அறுபத்திரண்டுக்கு மேல் ஏறியதெல்லாம் அவன் சோறு இல்லையா, அதைக் கரைத்துவிட்டு எதை வைத்துக்கொண்டு நடப்பது, எங்கே நடப்பது... தொடை இறுகியது, விட்டது, அவள் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக. நேற்று அடுப்படியில் சுவரைப் பிடிக்காமல் எழுந்துவிட்டாள், நின்ற பிறகுதான் தெரிந்தது, ஏதோ திருடிவிட்டதைப் போல மாது பார்க்கிறானா என்று திரும்பினாள், மெல்ல மறுபடி உட்கார்ந்தாள், சுவரைப் பிடித்து, வலி வரும்படி எழுந்தாள். எதற்கு அப்படிச் செய்தேன்? யாருக்குக் காட்ட? இந்தக் கால்கள் அவளைக் கேட்கவில்லை, சரியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நாள்தோறும் முப்பது முப்பது வினாடியாக அவளை விட்டுவிட்டு எங்கோ கிளம்பிவிட்டன, அவள் இன்னும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

பத்தாவது முறையும் முடிந்தது. கால் நடுங்கவில்லை. கோகிலவாணி சாப்பாட்டு அட்டையை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

"வாங்கக்கா, அளவு எழுதிடலாம். வூட்ல எத்தன பேருக்குங்க களி கிண்டறீங்க?"