முன்வீட்டுக்கு ஒரு காய்

மத்திகிரியில் ராமப்பனின் லைன் வீடுகளில் குடியிருக்கும் ஆண்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் காய்ச்சல் வராது. உறவுக்காரர் சாவு விழாது. கம்பெனியில் ஓவர்டைமுக்குக் கூப்பிட்டால் உடனே வயிற்றுவலி வந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் கேரம்.

ராமப்பன் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்தவர். வந்த பணத்தில் ரயில் பெட்டிபோல ஆறு வீடுகளை வரிசையாகக் கட்டினார். மிச்சத்தில் ஒரு டி.வி.யும் ஒரு கேரம் போர்டும் வாங்கினார். வீட்டைக் கட்டியது மேஸ்திரி, டி.வி.யை ஓட்டுவது தூர்தர்ஷன். கேரம் ஒன்றுதான் தன் சொந்தத் திறமை என்று அவருக்கு எண்ணம். வராந்தாச் சுவரில் பெயிண்டரை வைத்து எழுதியிருந்தார்: 'ஸ்ரீ ராமப்பா கேரம் கிளப். தலைவர்: ராமப்பா. சாம்பியன்: ராமப்பா.' கைப்பிடி வைத்த நாற்காலி அவருக்கு. மற்றவர்களுக்கு முக்காலி. ஓசூர்க் குளிருக்கு மங்கி குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்ட்ரைக்கரை வாயருகே கொண்டுபோய் ஊதி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடிப்பார். பிறகு கண்ணைத் திறந்து, தான் எந்தக் காயை அடித்தோம் என்று பார்த்துத் தெரிந்துகொள்வார். காய் விழுந்திருந்தால் "டெக்னிக்!" என்பார். விழாவிட்டால் போரிக் பவுடர் மட்டம் என்பார். பவுடர் வாங்கிவருவது குடித்தனக்காரர்களின் முறை.

ஆரம்பத்தில் கல்லாவிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிட்டர் விவரம் தெரியாமல் அவரை ஜெயித்துவிட்டார். அடுத்த வாரம், ஓடு மாற்ற வேண்டும் என்று பிட்டரின் வீட்டு ஓட்டைப் பிரித்தார்கள். மழைக்காலம் முடியும்வரை மாற்றவில்லை. பிட்டர் குடும்பத்தோடு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வராந்தாவில் ராமப்பனை ஜெயித்தவர் யாரும் கிடையாது.

ஆனால் அவரிடம் தோற்பது லேசான வேலை அல்ல. அவருக்குக் காய் விழவே விழாது. எதிராளி அவரைவிட மோசமாக ஆட வேண்டும். அப்படி ஆடுவது கண்ணில் படவும் கூடாது. இதில் முனிவேலுக்கும் சென்னப்பனுக்கும் கடும் போட்டி. இருவரும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட், பக்கத்துப் பக்கத்து வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் யார் நன்றாகத் தோற்றது என்பதுதான் பேச்சு.

"நேத்து நீ விட்டது பச்சையா தெரிஞ்சிதுடா. குழி அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம் அடிக்கற. எருமைகூட அப்படி அடிக்காது" என்பான் முனிவேல்.

"உன்னுது மட்டும் என்னவாம்?"

"என்னுது பாத்தியா? குழி வாயில முட்டி, யோசிச்சி, திரும்பி வந்துச்சி. நூலு அளவுதான். அப்பறம் ஒரு 'ச்ச' போட்டன் பாரு."

உண்மைதான். முனிவேலின் 'ச்ச'வில் அப்படியொரு வருத்தம் இருக்கும். அதைக் கேட்டு ராமப்பனே, "பரவால்ல பிடப்பா, எல்லாருக்கும் வந்துடுமா" என்று கன்னடம் கலந்து ஆறுதல் சொல்வார்.

எண்பத்தாறாம் வருஷம் முன்வீடு காலியானது. ஆறு வீடுகளில் அதில் மட்டும்தான் குழாய் உண்டு. அது மட்டும் ஓடு போடாத தளம்; மொட்டைமாடித் தொட்டி நேராக அதன் தலைமேல் இருந்தது. மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் மாட்டுப்பண்ணைப் பக்கத்து அடிபம்புக்குக் குடத்தோடு நடப்பவர்கள்.

முனிவேலின் மனைவி முனிலட்சுமிக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. இனி குடம் தூக்கினால் மொத்தமாக வெளியே வந்துவிடும் என்று ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டித்தான் அனுப்பினார். பம்பில் கூட்டம் குறையும் நேரத்தில் முனிவேல் கம்பெனியில் மெஷின் முன்னால் நிற்பான். அவன் வருவதற்குள் அவள் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதிக்குடம் கொண்டுவந்திருப்பாள். 'பாதிதானே' என்பாள். அவள் உட்கார்ந்து எழும்போது முகம் போகிற போக்கைப் பார்த்தால் பாதியா முழுசா என்று கேட்கத் தோன்றாது.

முன்வீட்டைக் கேட்டு முனிவேல் ராமப்பன் முன் நின்றான். அவர் வேறு யோசனையில் இருந்தார். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் அவருடைய சகலை கிருஷ்ணப்பன் இருந்தார். அவரும் நிலம் கொடுத்தவர், அவரும் லைன் வீடு கட்டியவர், அவரும் கேரம் சாம்பியன். போன முகூர்த்தத்தில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "என்னை ஜெயிக்க எங்க ஊர்ல ஆளே இல்ல" என்று அவர் சொல்லிவிட்டார். ராமப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம பாகலூர்ல வெச்சி ஆட்டம். ஜோடிக்கு ஜோடி. எனக்கு நீதான் ஜோடி" என்றார்.

"அண்ணா, நானா? எனக்கு எங்கண்ணா ஆட வருது?"

"அட, நான் இருக்கறன். நீ சும்மா ஒண்ணு ரெண்டு போட்டா போதும். ஜெயிச்சா முன்வீடு உனக்கு." நிறுத்தி, குல்லாயைச் சரிசெய்தார். "தோத்தா, என்னால தோக்க மாட்டோம். உன்னாலதான் தோப்போம். அப்ப இந்த வீட்டையும் காலி பண்ணிடு."

அன்றிரவு முனிலட்சுமி கேட்டாள். "நீங்கதான் நல்லா ஆடுவீங்களே. ஊர்ல பசங்களோட ஆடி கப்பு வாங்கலியா?"

"வாங்கினன்."

"அப்பறம் என்ன? அவர்கிட்ட விட்டுக்குடுத்த மாதிரி அங்க விட்டுக்குடுக்காதீங்க. அவ்ளோதான."

அவ்வளவுதான் என்று அவனும் நினைத்தான்.

பாகலூரில் ஒரு டீக்கடையின் பின்கட்டில் போர்டு போட்டிருந்தார்கள். இரண்டு சகலைகளும் சலவைச் சட்டையில், ஆளுக்கொரு மாலை போடாத குறையாக வந்து உட்கார்ந்தார்கள். ராமப்பன் தன் கைப்பிடி நாற்காலியை டவுன் பஸ் மேலேற்றிக் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்த கிருஷ்ணப்பன் டீக்கடைக்காரரிடம் இரண்டு தலையணை கேட்டு வாங்கித் தன் ஸ்டூலில் போட்டுக்கொண்டார். அவருக்கு ஜோடி, அவர் வீட்டுக் குடித்தனக்காரன் பசவராஜ். ஒல்லியாக, தூக்கமில்லாத கண்ணோடு இருந்தான்.

வெள்ளை ராமப்பனுக்கு, கறுப்பு கிருஷ்ணப்பனுக்கு. வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நின்றது.

முனிவேலின் முதல் முறையிலேயே ஒரு வெள்ளைக்காய் குழியின் வாயில் நின்றது. குழந்தை தட்டினால் விழும். அவன் குறிபார்த்தான். கை மனசோடு ஒத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. ஸ்ட்ரைக்கர் கிளம்பும் நேரத்தில் விரல் தானாக நூலளவு திரும்பியது. காய் குழிவாயில் முட்டி, யோசித்து, திரும்பி வந்தது.

"ச்ச."

அதுவும் தானாகவே வந்தது. அவன் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அடுத்தது பசவராஜ். அவனுக்கும் வாகான காய். அவனும் அடித்தான். முட்டி, யோசித்து, திரும்பியது. "ச்ச" என்றான். அதே வருத்தம், அதே இழுப்பு. முனிவேல் நிமிர்ந்து பார்த்தான். பசவராஜும் பார்த்தான். அத்திப்பள்ளியில் எத்தனை சனிக்கிழமைகள் போயிருக்கும் என்று அந்த ஒரு 'ச்ச'விலேயே தெரிந்துவிட்டது.

ராமப்பன் ஊதி, கண்ணை மூடி அடித்தார். கிருஷ்ணப்பன் கண்ணை மூடுவதில்லை. அடிக்கும் முன் கையைத் தூக்கிச் சூரியனைக் கும்பிடுவார். பலன் ஒன்றுதான். காய்கள் குழியின் பக்கமே போகாமல் சுற்றின. பொழுது போகப் போகக் கூட்டம் கலைந்தது. கடைசியாக நின்ற ஒரு பெரியவரும், "இவுங்க ஆடறதப் பாத்தா எனக்கே ஆட வந்துடும்போல இருக்கு" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

நடுவில் டீ குடிக்க எழுந்தபோது பசவராஜ் பக்கத்தில் வந்து நின்றான். "நிம்ம ஓனர் ஏன் கொட்தாரே? என்ன குடுக்கறன்னாரு?"

"தண்ணிக்குழாய் வெச்ச வீடு. என் சம்சாரம் குடம் தூக்கக்கூடாது. உனக்கு?"

"கக்கூஸ் சாவி. வீட்ல வயசுக்கு வந்த பொண்ணுங்க ரெண்டு. இருட்டினப்பறம்தான் வயக்காட்டுக்குப் போவுதுங்க."

இருவரும் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இனிமே நான் விட மாட்டன். கோவிச்சிக்காத" என்றான் முனிவேல்.

"நானும் விட மாட்டன்" என்றான் பசவராஜ்.

திரும்பி வந்து இருவரும் விட்டார்கள். விரலைத் துடைத்துப் பார்த்தான் முனிவேல். நடுவிரலை மாற்றி ஆள்காட்டியால் அடித்துப் பார்த்தான். குலதெய்வத்துக்குச் சேவல் நேர்ந்துகொண்டு அடித்தான். வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிக் குறிவைத்தான்; விரல் அதையும் கண்டுபிடித்து அங்கிருந்து இன்னொரு நூல் தள்ளியது. கப்பு வாங்கிய கை அது. ஊரில் யாரும் அதற்கு வீடு வாடகைக்கு விடவில்லை, அதனால் நன்றாக ஆடியது.

ராமப்பனின் ஒரு அடியில் சிவப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தே குழியில் விழுந்தன. "டெக்னிக்!" என்று கண்ணைத் திறந்தார். விழுந்தது எது என்று பார்த்ததும் அவருக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. அதன் பிறகு, யார் அடித்தது என்று தெரியாமலே ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் போர்டில் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு மட்டும் நின்றன.

முனிவேலின் முறை. வெள்ளை குழியோரத்தில் இருந்தது. ஊதினாலே விழுந்திருக்கும்.

அவன் முனிலட்சுமியின் கையை நினைத்தான். அடிவயிற்றைப் பிடித்திருக்கும் கை. அடித்தான்.

முட்டியது. யோசித்தது. திரும்பியது.

இந்த முறை 'ச்ச' வரவில்லை. ராமப்பன் அவனையே பார்த்தார்.

பசவராஜ் அடித்தான். அவனும் விட்டான், போர்டின் ஓரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

ராமப்பன் ஊதினார். கண்ணை மூடினார். ஸ்ட்ரைக்கர் மூன்று சுவர்களில் மோதி, கறுப்பைத் தேடிக் கண்டுபிடித்து, குழிக்குள் அழகாகத் தள்ளியது. எதிராளியின் கடைசிக் காய். அது விழுந்தால் எதிராளிக்கே ஜெயம்.

கிருஷ்ணப்பன் தலையணையிலிருந்து துள்ளி எழுந்து, தானே அடித்ததுபோல் தொடையைத் தட்டினார். பசவராஜ் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். கக்கூஸ் சாவி கிடைத்தவன் அழுகிற அழுகை.

திரும்பும் பஸ்ஸில் நாற்காலி மேலே ஆடிக்கொண்டு வந்தது. முனிவேல் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டான். மாசம் முடிவதற்குள் வேறு வீடு பார்க்க வேண்டும். இந்த வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் பம்பிலிருந்து இன்னும் தள்ளித்தான் இருக்கும். முனிலட்சுமியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தான். 'கை வரலை' என்றால் யார் நம்புவார்கள்?

மத்திகிரி நெருங்கும்போது ராமப்பன் அவன் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லு. அந்தக் கடைசி வெள்ளக்காய வேணும்னு விட்டியா?"

"அய்யோ, இல்லண்ணா! என் சம்சாரம் மேல சத்தியம். போடணும்னுதான் அடிச்சன்."

"வீடு போயிடும்னு தெரிஞ்சும் விழல?"

"விழலண்ணா."

ராமப்பன் குல்லாயைக் கழற்றினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு வருசமா எனக்கு மனசுல முள்ளுடா. நீங்கல்லாம் ஓனர்னு எனக்கு விட்டுக்குடுக்கறீங்களோன்னு. ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. தேவுடா! இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. நெஜமாவே உனக்கு ஆட வரல!"

அவன் தோளில் கை போட்டார். தோற்ற மனிதர் மாதிரியே இல்லை.

"முன்வீட்டுக்கு வந்துடு. பக்கத்துலயே இரு. சனிக்கெழம மட்டும் இல்ல, தெனமும் சாயந்தரம் வா. நான் சொல்லிக்குடுக்கறன்."

அடுத்த வாரம் பாத்திரங்களை முன்வீட்டுக்கு மாற்றினார்கள். சாமான் தூக்க வந்த சென்னப்பன் முனிவேலைத் தனியே இழுத்து, "எப்படிறா தோத்த? எனக்கும் சொல்லிக்குடுறா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். முனிலட்சுமி குழாயைத் திறந்து, தண்ணீர் விழுவதைச் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடினாள். மறுபடி திறந்தாள்.

சாயங்காலம் ராமப்பன் கூப்பிட்டார். முனிவேல் முக்காலியில் உட்கார்ந்தான். வராந்தாச் சுவருக்குப் பின்னால், முன்வீட்டுச் சமையற்கட்டில் குடம் நிரம்பும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே, வேறெதையும் நினைக்காமல், அடித்தான்.

காய் நேராகக் குழிக்குள் விழுந்தது. முட்டவில்லை, யோசிக்கவில்லை.

ராமப்பன் குழியைப் பார்த்தார். முனிவேலைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்த முள் திரும்ப ஏறுவது தெரிந்தது.

உள்ளே குழாய் நின்றது. "காயி விழுந்த சத்தம் கேட்டுச்சே, யாரு போட்டது?" என்று முனிலட்சுமி குரல் கொடுத்தாள்.

"அண்ணன்தான் போட்டாரு" என்றான் முனிவேல்.

ராமப்பன் இன்னொரு முறை குழியைப் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் சாய்ந்து, குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆமா ஆமா. நான்தான். டெக்னிக்."

உள்ளே குழாய் மறுபடி திறந்தது.