மிதக்கும், மூழ்கும்

மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க வந்த தற்காலிக வாத்தியாருக்கு அறிவியல் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். அவருக்குப் பிடித்தது பகல். பிஸ்கட் தொழிற்சாலையில் பல வருஷம் ராத்திரி ஷிப்ட்டில் அட்டைப்பெட்டி ஒட்டியவர். வெயிலில் வேலைக்கு நடந்து போவதே அவருக்குப் பதவி உயர்வு மாதிரிதான். ஆய்வுக்கு வரும் அதிகாரி பாடத்தைப் பார்த்துத் தலையாட்டினால் வேலை நிரந்தரம். உதட்டைப் பிதுக்கினால் மறுபடியும் அட்டை, கோந்து, விடிந்தபின் தூக்கம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆய்வு என்றால் ஒத்திகை. ஒளிவுமறைவே கிடையாது. கணக்கு டீச்சரின் பிள்ளைகள் போன ஆய்வில் கேள்வி கேட்பதற்கு முன்பே விடை சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

இவரும் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர். பக்கத்தில் வரிசையாக ஆரஞ்சு, கல், மரக்கட்டை, சாவி. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார், பிள்ளைகள் கத்துவார்கள்: மிதக்கும், மூழ்கும், மிதக்கும், மூழ்கும். கைதட்டிச் சொன்னால் நன்றாக மண்டையில் ஏறும் என்று தாளமும் சேர்த்தார். ஏறியது. தாளம் மட்டும்தான் ஏறியது. பிள்ளைகள் அவர் கையில் இருப்பதைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அவருக்கு அது உறைக்கவில்லை.

ஆய்வு நாளன்று அவர் வாசலில் அதிகாரிக்கு வணக்கம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தலைமையாசிரியை வகுப்புக்குள் நுழைந்தார். அந்த அம்மாவுக்கு எங்கே மேஜையைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். பூப்போட்ட துணி விரித்தார். பழத்தை முன்னால் வைத்தால் பிள்ளைகளின் கண் அதிலேயே இருக்கும் என்று வரிசையையும் மாற்றினார். அந்தக் கையோடு கடைசி இரண்டையும் இடம் மாற்றினார். கல், ஆரஞ்சு, சாவி, மரக்கட்டை.

அதிகாரி குள்ளமான அம்மா. எத்தனையோ ஒத்திகைகளைப் பார்த்துச் சலித்த முகம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவியை மென்று விழுங்கினார்.

அதிகாரியையே பார்த்தபடி வாத்தியார் மேஜைப் பக்கம் கை நீட்டினார். வரிசையில் முதலில் இருந்ததை எடுத்தார். கல்.

"பசங்களா, இதைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

"மிதக்கும்!" வகுப்பே அதிர்ந்தது. கைதட்டல் வேறு.

டொப். கல் அடியில் போய்ப் படுத்தது.

ஆரஞ்சு. "மூழ்கும்!" அது ஜம்மென்று மிதந்தது. சாவி. "மிதக்கும்!" கல்லோடு போய்ச் சேர்ந்தது. மரக்கட்டை. "மூழ்கும்!" அது ஆரஞ்சோடு போய் ஒட்டிக்கொண்டது.

கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால்கூட நாலில் இரண்டு தேறியிருக்கும். வாத்தியாரின் மூக்கில் கோந்து வாசனை அடித்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தலைமையாசிரியை சுவரோடு சுவராக நின்றார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். எதற்கும் வாதாடுவதால் அவளுக்கு வகுப்பில் வக்கீல் என்று பெயர்.

"சார், தண்ணி சரியில்ல."

"தண்ணியா?" அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா மேடம். நாங்க கரெக்டாதான் சொன்னோம். தண்ணிதான் தப்பு பண்ணுது."

"அப்போ என்ன பண்ணலாம்?"

"வேற தண்ணி மாத்தணும்."

மாற்றினார்கள். குழாயிலிருந்து புதுத் தண்ணீர் வந்தது. கல் மறுபடியும் முழுகியது. மேலேயிருந்து போட்டதால் அதற்கு அடிபட்டிருக்கும் என்றான் முன்பல் விழுந்ததால் ஓட்டைப்பல் என்று பெயர் வாங்கிய பையன். தூங்குகிற பாப்பாவைத் தொட்டிலில் விடுவதுபோல் கல்லை மெதுவாக விட்டார்கள். முழுகியது. திருப்பிப் போட்டார்கள். முழுகியது. சின்னக் கல்லாக இருந்தால் மிதக்கும் என்று ஒருத்தி ஓடிப்போய்ப் பொடிக்கல் கொண்டுவந்தாள். அதுவும் முழுகியது.

"போதும்டி, கல்லுக்கு நீச்சல் தெரியாது," என்றான் ஓட்டைப்பல்.

அதிகாரி இப்போது தொட்டி பக்கத்திலேயே நின்றார். புடவை முந்தானை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

இந்தக் களேபரத்தில் ஆரஞ்சைக் காணோம். பசி என்று எல்லாரும் கூப்பிடும் குண்டுப் பையன் அதை மேஜைக்கு அடியில் கொண்டுபோய் முழுசாக உரித்திருந்தான். "டேய், என்னடா பண்ற?" என்று வக்கீல் கத்தியதும் பயத்தில் பழத்தைத் தொட்டிக்குள் போட்டான்.

பழம் மூழ்கியது.

வக்கீல் குதித்தாள். "பாத்தீங்களா! மூழ்கும்னு சொன்னோமே! சொன்னோமே!"

"ஏன் சார் இப்படி? தோலோட மிதந்துச்சு, உரிச்சா மூழ்குதே?" அதிகாரி வாத்தியாரைப் பார்த்துக் கேட்டார்.

வாத்தியாருக்குச் சத்தியமாகத் தெரியாது. ஒரு வாரம் அந்தப் பழத்தைத் தண்ணீரில் போட்டு எடுத்தவருக்கு அது ஏன் மிதக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பிள்ளைகள் பக்கம் பரிதாபமாகத் திரும்பினார்.

அவர்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பசி உரித்த தோலைத் தண்ணீரில் போட்டான். மிதந்தது. ஓட்டைப்பல் அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக் கசக்கினான். குமிழ் குமிழாக மேலே வந்தது.

"காத்து! தோலுக்குள்ள காத்து இருக்கு!"

"அப்போ தோல்தான் பழத்தைத் தூக்கி வச்சிருந்திருக்கு," என்றாள் வக்கீல். தீர்ப்பே சொல்லியாயிற்று.

பசி ஈரப் பழத்தை எடுத்துத் தின்றான். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

வெளியே நடையில் அதிகாரி வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தப்பு விடை வந்தா எல்லா வாத்தியாரும் பாய்ஞ்சு திருத்துவாங்க சார். நீங்க நாலு தப்புக்கும் அசையல. நானே ஏன்னு கேட்டும் வாயைத் திறக்கல. இந்தப் பொறுமை எப்படி வந்துச்சு?"

வாத்தியார் அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரிக்கு மரியாதை இன்னும் கூடியது.

"அவர் அப்படித்தான் மேடம்," தலைமையாசிரியை முந்திக்கொண்டார். "பொருள் வரிசையைக்கூட நான் வேணும்னேதான் மாத்தி வச்சேன்."

வேலை நிரந்தரம். ஆனால் வால் ஒன்று இருந்தது. மற்றப் பள்ளிக்கூட வாத்தியார்களை அடுத்த வாரம் அழைத்து வருகிறேன், இதே பாடத்தை இதே மாதிரி நடத்துங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "வாயை மூடிட்டு இருந்ததுக்கா வேலை குடுத்தாங்க? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அதைத்தானேய்யா சொல்றேன்!"

மறுநாள் காலை தலைமையாசிரியை வகுப்பு வாசலில் நின்றார். "இன்னைக்கே ஒத்திகையை ஆரம்பிங்க சார். பிள்ளைங்க நாலையும் தப்பா சொல்லணும். ஒண்ணுகூடச் சரியா வரக் கூடாது."

வாத்தியார் உள்ளே போய்ச் சொன்னார். வக்கீல் எழுந்தாள்.

"தப்பா சொல்றோம் சார். ஆனா வர்றவங்க வேற பொருள் கொண்டு வந்தா? எது சரின்னு தெரிஞ்சாத்தானே தப்பா சொல்ல முடியும்?"

வாத்தியாருக்குத் தப்பிக்க வழி இல்லை. பையைத் திறந்து, உள்ளே இருந்த பேனா, சீப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டினார்.

"பசி, தண்ணி பிடிச்சுட்டு வாடா," என்றார். "டப்பாவைத் தொடக் கூடாது."