அறுபத்தோரு வயது ஆண் ஒருவர்

மனித குலத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் போரும் அல்ல, பஞ்சமும் அல்ல. தன் உடம்பைப் பற்றி அடுத்தவரிடம் பேசுகிற பழக்கம்தான் என்று மகன் அறிவித்தான். அப்போது அவன் அப்பாவைக் கட்டிலில் நிமிர்த்திப் பிடித்திருந்தான். அக்கா ஈரத்துண்டால் அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தான் மட்டும் சாகும்வரை எந்த மனிதரிடமும் எந்த உறுப்பைப் பற்றியும் வாய் திறக்கப்போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

"முதல்ல ஒழுங்கா பிடி," என்றாள் அக்கா.

பிரகடனத்துக்குக் காரணமானவர் அப்பாதான். சற்று முன், கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக் கட்டிலருகே நிறுத்தி, தன் இதயம் எங்கே இருக்கிறது என்று விளக்கி முடித்திருந்தார். மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒரு வரி விடவில்லை.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பாதி ஊருக்கு இடது வலது சொல்லிக்கொடுத்தவருக்கு உள்ளே எல்லாமே இடம் மாறி இருந்தது. இதயம் வலப்பக்கம், ஈரல் இடப்பக்கம், கண்ணாடியில் பார்ப்பதுபோல. அறுபத்தோரு வயதுவரை அவர் எக்ஸ்ரே பக்கமே போகாததால் இது யாருக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் இடது அடிவயிற்றில் வலி வந்தது. ஒரு டாக்டர் வாயு என்றார், இன்னொருவர் கல் என்றார். கடைசியில் பார்த்தால் குடல்வால், இருக்கக் கூடாத பக்கத்தில் உட்கார்ந்து வீங்கியிருந்தது.

அறுவை செய்த மூன்று டாக்டர்கள் சேர்ந்து இதை ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். 'அறுபத்தோரு வயது ஆண் ஒருவர்' என்று கட்டுரை தொடங்கியது. மூன்று டாக்டர்களின் பெயரும் இருந்தது. இதயத்தின் சொந்தக்காரர் பெயர் இல்லை. அந்தக் குறையை அப்பா தன் வாயாலேயே தீர்த்துக்கொள்வதென்று முடிவெடுத்தார். எக்ஸ்ரேயைச் சட்டம் போட்டு மாட்ட ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர், படம் திரும்பியிருக்கிறது என்று நல்ல மனதோடு மாற்றிப் போட்டு, இதயத்தை இடப்பக்கம் கொண்டுவந்துவிட்டார்.

"மூணு டாக்டர் சேர்ந்தும் மாத்த முடியாதத நாலு ஆணியில மாத்திட்டியேய்யா," என்று அப்பா அவரை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வந்தார்.

இப்போது அந்த இதயம் களைத்துவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாவதில் அப்பாவுக்குப் பெரிய புகார் இல்லை. ஒரே ஒரு பயம்தான். வழக்கமான டாக்டர் இல்லாத நேரம் பார்த்து வேறு யாராவது வந்து, இடப்பக்கம் கேட்டுவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டால்?

"சரியான பக்கம் பாக்கச் சொல்லுடா. உயிரோட தூக்கிட்டுப் போயிடப்போறாங்க."

"செத்தா ரெண்டு பக்கமும் சேர்ந்துதான்ப்பா சாகும். வேணும்னா நெஞ்சுல அம்புக்குறி போட்டு விடவா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "போடேன்," என்றார்.

அவன் போடவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே துண்டைப் பிழியப் போனாள்.

மதியம் அப்பா தூங்கினார். மாத்திரை கொடுக்க அக்கா எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. அவள் கத்தவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "அப்பா கையைத் தொட்டுப் பாரு," என்று மட்டும் சொன்னாள்.

வழக்கமான டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவருடைய கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண் டாக்டர் வந்தார். நாடி பார்த்தார். இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கான முகத்தோடு நிமிர்ந்தார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவன் பிடித்துப் பார்த்த கை எவ்வளவு சில்லிட்டிருந்தது என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றுதான்.

"வலது பக்கம், டாக்டர்," என்றான்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"அப்பாவுக்கு இதயம் வலது பக்கம். ஈரல் இந்தப் பக்கம்." தன் சட்டை மேலேயே தொட்டுக் காட்டினான். "அறுபத்தோரு வயசுலதான் கண்டுபிடிச்சாங்க. பத்திரிகையில வந்திருக்கு. பேர் போடல. ஆனா அது இவர்தான்."

வாயு என்று சொன்ன டாக்டரையும் கல் என்று சொன்ன டாக்டரையும் தாண்டி அவன் குடல்வால்வரை வந்துவிட்டான். அவன் முடித்த பிறகு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி காதில் மாட்டி, வலது மார்பில் வைத்துக் குனிந்தார்.

மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் சத்தமில்லாமல் எழுந்துபோய் அதை நிறுத்தினான். இறக்கைகள் மெதுவாகி நின்றன. டாக்டர் நிமிர்ந்த பிறகும் அவன் ஸ்விட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.